கடுக்காய்த் தண்ணீரில் குளித்த பூனை

மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு யாராவது உங்கள் வீட்டு வாசலில் நின்று பேசியிருக்கிறார்களா? எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது. நாங்கள் பம்பாயில் தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. மழைக்காலத்துக் காலை நேரம்.

வந்து நின்றவர் எங்கள் கட்டிடத்தின் சொசைட்டி செகரட்டரி. எதிர்வீட்டுக்காரர். தமிழர்தான், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நீல ஓரம் போட்ட வெள்ளைக் கைக்குட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாதது. அதை மூக்கிலிருந்து எடுக்காமலேயே பேசியதால் பாதி வார்த்தைகள் துணிக்குள்ளேயே தங்கிவிட்டன.

"சார், தப்பா நினைச்சுக்கப்படாது. உங்க வீட்லேர்ந்து ஒரு மாதிரி வாசனை வர்றது. பில்டிங்ல எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்றா."

வாப்பா கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். "உள்ள வாங்க சார், உக்காந்து பேசுவோம்" என்றார். உள்ளே வருவதாவது! செகரட்டரி ஒரு அடி பின்னால்தான் போனார்.

"எங்க வீட்டுப் பூனைதான் சார். நேத்து சாயங்காலம் மூஞ்சூறப் புடிச்சிட்டு வந்திருக்கு. அந்த வாடதான். குளிப்பாட்டிருதோம்."

"பூனைன்னு மட்டும் இல்லை சார். பொதுவாவே. உங்களுக்குத் தெரியாது. பழகிப் போயிருக்கும்."

உங்களுக்குத் தெரியாது, பழகிப் போயிருக்கும். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன், பாருங்கள். வாப்பாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கையிலிருந்த டீயை மட்டும் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள வாசனை போயிடுத்துன்னா சரி. இல்லேன்னா பூனையைச் சாக்குல போட்டு கோவண்டிப் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லித் தீர்மானம் போட்டுடுவோம். அங்கெல்லாம் யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்லை."

கோவண்டிச் சேரியில் என் சாச்சி, அதாவது வாப்பாவின் தம்பி பெண்டாட்டி, ஆறு பிள்ளைகளோடு இருந்தார். அவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு மூக்கு இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். வாப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன். என் வாழ்நாளில் நான் அடங்கிப்போன சில சமயங்களில் அதுவும் ஒன்று. அதற்கு இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

மாட்டுங்கா என்று ஒரு முகவரி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் மைமூன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் நான் ஊரைப் பார்த்ததைவிட தாராவியின் தொண்ணூறடி ரோட்டைப் பார்த்ததுதான் அதிகம். வாப்பா அங்கே ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆட்டுத்தோலைப் பதனிடுவதில் சுண்ணாம்புக் குழியிலிருந்து கடுக்காய்த் தொட்டிவரை எல்லாம் அவர் பொறுப்பு. சுண்ணாம்பு அரித்து அரித்து விரல் இடுக்கெல்லாம் புண்ணான பிறகு வேலையை விட்டார். நான் அதற்கு முன்பே ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் ஆகியிருந்தேன். நகையெல்லாம் விலைக்குப் போன பிறகு செம்பூரில் இரண்டு அறை வீடு வந்தது.

அந்தக் காலத்தில் தாராவியில் இருந்த எவரும் தாராவி என்று சொல்லமாட்டார்கள். மாட்டுங்கா என்போம். கொஞ்சம் வடக்கே இருந்தால் சயான் என்போம். வேலைக்கு மனுப்போட்டாலும் பெண் பார்க்க வந்தாலும் ரேஷன் கடையில் பேச்சுக் கொடுத்தாலும் அதேதான். என் ஆபீசில் மூன்று வருஷம் நான் மாட்டுங்காக்காரியாகத்தான் இருந்தேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் எந்த ஓட்டலில் காபி நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன்.

செம்பூருக்கு வந்த அன்றே செகரட்டரியின் மனைவி கேட்டார். "எங்கேர்ந்து வர்றேள்?"

உம்மா, பழக்கதோஷத்தில், "மாட்டுங்கா பக்கம்" என்றார்.

"அட, மாட்டுங்காவா! எந்த ரோடு?"

உம்மா முழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "தாராவி மாமி. தொண்ணூறடி ரோடு" என்று நானே சொல்லிவிட்டேன். வீடு வாங்கியாகிவிட்டது, இன்னும் யாருக்குப் பயந்து ஊரை மறைக்க வேண்டும் என்ற திமிர்தான்.

"ஓ" என்றார் மாமி. நீளமான ஓ.

அன்று சாயங்காலமே கட்டிடத்தில் வாசனை தொடங்கிவிட்டது. படிக்கட்டில் பார்த்தவர்கள் லேசாக மூக்கை உறிஞ்சினார்கள். வீட்டு வாசலில் ஊதுபத்தி ஏற்றினார்கள். இத்தனைக்கும் வாப்பா வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. தோல் என்று எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் என் கைப்பை ஒன்றுதான். செகரட்டரி காலில் போட்டிருந்த செருப்பு என்ன, வாழைமட்டையில் செய்ததா? அவர் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகும் அந்தப் பழுப்பு நிறப் பை எங்கிருந்து வந்தது? அந்தத் தோல் எந்தத் தொட்டியில் கிடந்தது, யார் காலால் மிதித்துச் சாறு ஏற்றினார்கள்? பையில் வாசனை இல்லையாம். அதைச் செய்தவனிடம் மட்டும் இருக்கிறதாம்.

சீனி

பூனையைப் பற்றிச் சொல்லவில்லையே. தோல் கம்பெனியில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்கும் ஒரு அறை உண்டு. பச்சைத்தோல் வந்ததும் உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். அந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டது. மற்றதெல்லாம் புள்ளியும் பட்டையுமாக இருக்க, ஒன்று மட்டும் அச்சு வெள்ளை. உப்புக்குள் கிடந்ததை உப்பு என்று கூப்பிட முடியாது என்று உம்மா சீனி என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கம் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பெயர்.

எலி வந்து தோலைக் கடித்து வைத்தால் மொத்தமும் நஷ்டம். அதனால் கம்பெனிப் பூனைக்கு அங்கே ராஜ மரியாதை. சீனி நடக்கப் பழகிய நாளிலிருந்தே எலி பிடித்தது. வாப்பா வேலையை விட்டு வந்த அன்று சாப்பாட்டுக் கூடையில் அதையும் வைத்து எடுத்து வந்துவிட்டார். கம்பெனி அவரிடமிருந்து பறித்துக்கொள்ளாதது அது ஒன்றுதான் என்று உம்மா சொல்வார்.

எங்கள் வாப்பா யாரிடமும் சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் சாயங்கால அஸருத் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தால் சீனி அவர் மடியில் ஏறிக்கொள்ளும். புண் ஆறிய அந்தக் கைகளால் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார். அந்தக் கைக்கு வேறு வேலை இல்லாமல் போன காலம் அது. இந்தப் பூனையைத்தான் சாக்கில் போட்டுக் கோவண்டியில் விட்டுவிட்டு வருவார்களாம்.

படிக்கட்டுக்கு அடியில்

மூஞ்சூறு தெரியாதவர்கள் பம்பாயில் இருக்க முடியாது. இங்கே அதற்குச் சுச்சுந்தர் என்று பெயர். கூர்மூக்கு, கண் தெரியாது, சுவரை ஒட்டியே கீச்சுக்கீச்சென்று ஓடும். யாராவது சீண்டினால் உடம்பிலிருந்து ஒரு வாடையை விடும் பாருங்கள், கஸ்தூரியைக் கெட்டுப்போன வெங்காயத்தோடு சேர்த்து அரைத்த மாதிரி. துணியில் பட்டால் நாலு சலவைக்குப் போகாது. விவரம் தெரிந்த பூனைகள் அதைத் தொடாது. சீனிக்கு அந்த விவரம் இல்லை. உப்பு அறையில் வளர்ந்தது, ஓடுவதெல்லாம் எலி என்று நினைத்துவிட்டது.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மர அலமாரி உண்டு. சொசைட்டியின் தட்டுமுட்டுச் சாமான்கள், பழைய பேனர்கள், பூஜைத் தோரணங்கள் எல்லாம் அதில் கிடக்கும். சாவி செகரட்டரியிடம். சுச்சுந்தர்கள் அதற்குள்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. தினமும் காலையில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு தொன்னையில் சோறு இருக்கும். காக்காய்க்கு வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த மழைச் சாயங்காலம் சீனி அலமாரியின் இடுக்கில் தலையை விட்டு ஒன்றைக் கவ்வியிருக்கிறது. அது தன் வேலையைக் காட்டிவிட்டது. சீனி தும்மிக்கொண்டே மாடிக்கு ஓடி வந்து நேராக உம்மாவின் தொழுகைப் பாயில் விழுந்து புரண்டது. உம்மா போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில்தான் அந்தக் கைக்குட்டை.

எலுமிச்சை, தயிர், அத்தர்

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. நாங்கள் போருக்குத் தயாரானோம்.

முதலில் சிவப்பு சோப்பு. பூனையைக் குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியும், குளிப்பது பூனை இல்லை. மோரியில், அதாவது பம்பாய் வீடுகளில் பாத்திரமும் துணியும் கழுவுகிற அந்த மூலைத் தொட்டியில், நானும் உம்மாவும் தொப்பலாக நனைந்தோம். என் கையில் கீறல். வாடை அப்படியே இருந்தது, சோப்பு வாடையும் கூடச் சேர்ந்துகொண்டது.

அடுத்தது எலுமிச்சம்பழம். பிறகு சீயக்காய். பிறகு பக்கத்துத் தெரு டெய்லர் சொன்னார் என்று புளித்த தயிர். தயிரைச் சீனி நக்கித் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டது. கடைசியில் உம்மா பொறுமையிழந்து பெருநாளைக்கு என்று வைத்திருந்த அத்தரை எடுத்து அதன் கழுத்தில் தடவினார். அந்தத் தப்பை யாரும் செய்துவிடாதீர்கள். மூஞ்சூறும் அத்தரும் சேர்ந்தால் வருகிற வாடைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது வேறு. வாப்பா ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்க ஆரம்பித்தார். படிக்கட்டில் யாராவது எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நின்று அவர்கள் போகும்வரை காத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் கையை நீட்டினார்.

"நீ மோந்து பாத்துச் சொல்லு மைமூனு. என் மூக்கு சரியா இருக்கான்னு எனக்குத் தெரியல."

"ஒண்ணும் இல்ல வாப்பா. சோப்பு வாசந்தான் வருது."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான்."

அவர் நம்பவில்லை. முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் கை வைத்தபோது வராத வெட்கத்தை ஒரு கைக்குட்டை கொண்டுவந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவை உடைத்துவிடலாமா என்று எனக்கு வந்தது. உம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இரும்பு டிரம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா நேராக வீட்டுக்கு வரவில்லை. பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய்விட்டு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் கடுக்காய்.

தோலில் சுண்ணாம்பும் கழிவும் சேர்ந்து அடிக்கிற வீச்சம் எங்கே அடங்கும் தெரியுமா? ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் கடுக்காய்த் தொட்டியிலும்தான். ஒரு பொழுது அதில் கிடந்தால் தோலுக்கு வேறு வாசனை வந்துவிடும். தோலுக்கு ஆகும் என்றால் முடிக்கும் ஆகும் என்பது வாப்பாவின் கணக்கு. இது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும். வேறு யாருடைய வீட்டிலும் பூனையைப் பதனிட நினைக்கமாட்டார்கள்.

கடுக்காயை இடித்து, பிளாஸ்டிக் வாளியில் காலையிலேயே பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தார். நான் இரும்புச் சட்டியை எடுத்துக் கொடுத்தபோது பாய்ந்து பிடுங்கி எறிந்தார். "கடுக்காத் தண்ணியில இரும்பு படலாமாட்டி? கரேல்னு போயிரும்லா!" கம்பெனியில் ஒருவன் ஆணியைத் தொட்டியில் போட்டுவிட்டதற்காக வாப்பா அவனைத் துரத்திய கதை எங்கள் வீட்டில் பிரசித்தம்.

சனிக்கிழமை காலை. சீனியைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி சாக்கில் கட்டி உம்மா பிடித்துக்கொண்டார். வாப்பா உள்ளே கை விட்டு நிதானமாக, தோலுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரியே தேய்த்தார். அதிசயம், பூனை கத்தவில்லை. அந்தக் கையை அதற்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வாடை குறைந்தது. நான் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே குறைந்துவிட்டது. மரப்பட்டை வாசனைதான் வந்தது.

"போச்சு வாப்பா!" என்று கத்தினேன். பல நாள் கழித்து அவர் பல் தெரியச் சிரித்தார்.

"இனி நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டாச் சரியாப் போச்சு" என்றவர், மோரிக்கு வெளியே இருந்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார்.

தாராவியில் எங்கள் வீட்டில் இருந்தது நீல பிளாஸ்டிக் டிரம். கம்பெனியில் சிமென்ட் தொட்டி. செம்பூர் வீட்டில் இருந்ததோ முந்தைய சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன தார் டிரம். காலையில் ஒரு மணி நேரம் வருகிற தண்ணீரை அதில்தான் பிடித்து வைப்போம். உள்ளே முழுக்கத் துரு. வெள்ளைத் துணியை அதில் அலசக் கூடாது என்று குடிவந்த முதல் வாரமே உம்மா எனக்குச் சொல்லியிருந்தார். வாப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. துணி துவைப்பது அவர் வேலை இல்லையே.

முதலில் முதுகில் சாம்பல் நிறம் வந்தது. அழுக்கு என்று நினைத்து வாப்பா இன்னும் நாலு மொண்டு ஊற்றினார். ஊற்ற ஊற்ற மை கசிந்த மாதிரி கறுத்துக்கொண்டே போனது. சாக்கைப் பிரித்தபோது வெளியே வந்தது எங்கள் பூனை இல்லை. கரிச்சட்டி.

"ஏங்க, வெளுக்கச் சொன்னா இப்படிக் கருக்கிட்டியளே!" என்றார் உம்மா.

வாப்பா டிரம்மைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது. அப்படியே மோரித் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இரும்புல்லா" என்றார். "டிரம்மு இரும்புல்லா."

நானும் உம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். முடியவில்லை. சிரித்துச் சிரித்து உம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சீனி மட்டும் மூலையில் உட்கார்ந்து ஒன்றும் நடக்காதது போல வாலை நக்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்

மீட்டிங் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில். மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சீனியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நானும் போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

வராந்தா பல்பு, தண்ணீர் வரும் நேரம் எல்லாம் பேசி முடித்துவிட்டு எங்கள் விஷயத்துக்கு வந்தார் செகரட்டரி.

"சார், பூனையைக் குளிப்பாட்டினேளா?"

"குளிப்பாட்டியாச்சு சார். இப்பம் ஒரு வாடையும் கெடையாது. நீங்க வந்து பாக்கலாம்."

"அப்படியா?" செகரட்டரி காற்றை மோந்து பார்த்தார். கைக்குட்டையை வெளியே எடுத்தார். "எனக்கு இப்பகூட வர்றதே. பூனை மாடியில இருக்குன்னு சொல்றேள். சார் நீங்க இங்கதான் உக்காந்திண்டிருக்கேள்."

யாரோ சிரித்தார்கள். வாப்பா மெல்ல எழுந்தார். எழுந்து போய்விடத்தான் எழுந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் அந்தப் படிக்கட்டில் தலைநிமிர்ந்து ஏறமாட்டார் என்பதும் தெரிந்தது.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாடை வருகிறதுதான். எனக்கும் வந்தது. மூக்கு உள்ள எவருக்கும் அது எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். நான் நேராகப் படிக்கட்டுக்கு அடியில் போய் அந்த மர அலமாரியின் கதவைப் பிடித்து இழுத்தேன். பூட்டு நன்றாகத்தான் இருந்தது, கதவுதான் உளுத்திருந்தது. கீலோடு கையில் வந்துவிட்டது.

"ஐயோ, திறக்காதே!" என்று மாமி அலறினார். "லக்ஷ்மி வெளியே போயிடுவா!"

உள்ளேயிருந்து வந்த வாடையில் முன்வரிசை நாற்காலிகள் காலியாயின. தொடர்ந்து தாய்ச் சுச்சுந்தர் ஒன்று வந்தது. அதன் வாலருகே கவ்விக்கொண்டு ஒரு குஞ்சு, அதைக் கவ்விக்கொண்டு இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் ரெண்டு மூன்று. ரயில் பெட்டிகள் மாதிரி வரிசை குலையாமல் செகரட்டரியின் செருப்பை ஒட்டிப் போய்ச் சாக்கடை ஓட்டைக்குள் இறங்கின. எல்லாரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. சுச்சுந்தர் இருக்கும் இடத்தில் லட்சுமி தங்குவாள் என்று இங்கே வியாபாரிகள் நம்புவார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், அது அலமாரிக்குள் வந்த வாரத்தில்தான் செகரட்டரிக்குப் பிரமோஷன் வந்ததாம். அன்றிலிருந்து மாமி தினமும் தொன்னையில் சோறு வைத்து வந்திருக்கிறார்.

மூன்றாம் மாடி பார்வதி பாய், தையல் வேலை செய்கிற மராட்டிக்கார அம்மா, இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றார். "அரே, யே பாஸ் தோ பெஹலே ஸே ஹை! இன் லோக் கே ஆனே ஸே பெஹலே ஸே!" இந்த நாற்றம் முன்பிருந்தே இருக்கிறது, இவர்கள் வருவதற்கு முன்பிருந்தே.

செகரட்டரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "அது வேற, இது வேற" என்றார். "இது சுச்சுந்தர் வாசனை. இதுல தோஷமில்லை."

கேட்டீர்களா? அதே வாடை. பூனை மேல் பட்டதும் அதுதான், அலமாரிக்குள் இருந்ததும் அதுதான். ஐந்தாறு வருஷமாக இவர்கள் மூக்குக்கு எட்டாமல் இருந்த வாடை, தாராவியிலிருந்து ஒரு குடும்பம் வந்ததும் எட்டிவிட்டது. அது எங்களுடையது என்றால் சாக்கில் போட்டுக் கோவண்டிக்கு அனுப்ப வேண்டும். தங்களுடையது என்றால் தொன்னையில் சோறு வைக்க வேண்டும். மன்னிப்பு ஒரு வார்த்தை உண்டா? அதுதான் இல்லை. அடுத்து அவர் சொன்னது என்ன தெரியுமா?

"பார்க்கப்போனா இப்பதான் பூனையால ஆபத்து. குஞ்சு வேற இருக்கு. அதைப் பிடிச்சுடுத்துன்னா?"

போகக் கிளம்பியிருந்த வாப்பா நின்றார். திரும்பினார். குரல் உயரவில்லை.

"பூன எங்க வீட்டுலதான் சார் இருக்கும். நாங்களும் இங்கதான் இருப்போம்."

தீர்மானம் போடலாமா என்று செகரட்டரி சுற்றிப் பார்த்தபோது ஆளைக் காணோம். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கு நேரமாகிவிட்டது. கட்டிடத்தில் டி.வி. இருந்த நாலு வீட்டுக்கும் ஆளுக்கொரு பக்கமாக ஓடிவிட்டார்கள்.

எட்டு இருபது லோக்கல்

திங்கட்கிழமை காலை ஒன்று நடந்தது. செகரட்டரி தினமும் எட்டு இருபது லோக்கல் ரயிலில் வி.டி. ஸ்டேஷனுக்குப் போகிறவர். பழுப்பு நிறப் பையைக் கக்கத்தில் வைத்து வெளியே வந்தார். அதே நேரம் எங்கள் வீட்டிலிருந்து சீனி வெளியே வந்து குறுக்கே போனது.

எந்தப் பூனை குறுக்கே போனாலும் ஆகாது என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். பம்பாயில் கறுப்புப் பூனைக்குத்தான் அந்தப் பெருமை. வெள்ளையாக இருந்தபோது சீனியைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போனவர், இப்போது மின்சாரம் பட்ட மாதிரி நின்றுவிட்டார். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சாமியைக் கும்பிட்டு மறுபடி கிளம்பும்போது எட்டு இருபது அடுத்த ஸ்டேஷனான திலக் நகரைத் தாண்டியிருக்கும்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே நடந்தது. புதன்கிழமை நான் ஆபீசுக்குக் கிளம்பி நிற்கும்போதுதான் கவனித்தேன். வாப்பா கதவுக்குப் பின்னால் சீனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வாப்பா மெல்லக் கதவைத் திறந்து பூனையைக் கீழே விட்டார்.

உம்மாவும் பார்த்துவிட்டார். "நமக்குச் சகுனம் கிகுனமெல்லாம் கெடையாதே. பெறவு எதுக்கு இந்த வேல?"

"நமக்கு இல்ல" என்றார் வாப்பா. "அவருக்கு இருக்குல்லா."

மழைக்காலம் முடிந்து, தீபாவளி பட்டாசுச் சத்தமும் ஓய்ந்து, பம்பாய்க்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்சம் குளிரும் வந்தது. செகரட்டரி ஆபீசில் ஏதோ பேச்சு வாங்கியதாகப் பார்வதி பாய் சொன்னார். வாப்பா படிக்கட்டில் சுவரோடு ஒட்டி நிற்பதை விட்டுவிட்டார். நடுப்படியிலேயே ஏறினார், நடுப்படியிலேயே இறங்கினார்.

சீனிக்குத்தான் புது முடி முளைக்க ஆரம்பித்தது. முதலில் காதோரம், பிறகு கழுத்து. ஒரு வாரத்தில் பாதிப் பூனை வெள்ளையாகிவிட்டது. உம்மாவுக்குச் சந்தோஷம். எட்டு இருபதை செகரட்டரி ரெண்டு நாள் தொடர்ந்து பிடித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா தாமதமாக வந்தார். தாராவிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கையில் காகிதப் பொட்டலம்.

"அதுமேல ஒரு வாடையும் இல்லையே வாப்பா" என்றேன்.

"இல்லதான்" என்றார்.

கடுக்காயை இடித்து ஊறவைத்தார். மறுநாள் காலை சீனியைச் சாக்கில் கட்டித் தேய்த்து முடித்தார். அலசுவதற்குக் குழாய்த் தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் பிடித்து அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வாப்பா அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, எழுந்து போய் இரும்பு டிரம்மிலிருந்து மொண்டார்.